விசிட் விசா

ரோலாவில் விசிட் விசா என்றால்
யாரும் எதையும் பார்க்க வந்தவர் இல்லை.
பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்,
அடுக்குக் கட்டிலில் ஓர் அடுக்கு,
அறுபது நாள்.
நானும் அப்படித்தான் வந்தேன்.
ஐம்பத்தேழாம் நாள் வேலை கிடைத்தது.
அதற்குப் பிறகு பதினோரு வருடம்.

அதனால்தான் டப்ளினில்
கண்ணாடிக்குப் பின்னிருந்த சிவந்த காதுக்காரர்
எதற்காக வந்தீர்கள் என்றபோது
வாய் தானாகச் சொல்லப் பார்த்தது:
லேப் டெக்னீஷியன், பதினான்கு வருட அனுபவம்.
விழுங்கிக்கொண்டேன்.
சும்மா என்பதற்கு
ஆங்கிலத்தில் எதுவும் அகப்படவில்லை.
மழை பார்க்க, என்றேன்.
என்னைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.
அதற்கு இங்கே பஞ்சமில்லை என்று
முத்திரை குத்தினார்.

ஜெசிந்தா கார் ஓட்டினாள்.
ரோலாவில் என் மேல் கட்டிலில் படுத்தவள்,
இப்போது கிளேரில் நர்ஸ், இரவு ஷிப்ட்.
எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும்
ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்திவிட்டுப் போனது.
தெரிந்தவர்களா?
இல்லைடி, ரோடு குறுகல், என்றாள்.
மறுநாள் நானும் உயர்த்தினேன்,
ஓட்டாத இருக்கையிலிருந்து.

சிமெண்ட் இல்லாமல்
கல்மேல் கல்லாக அடுக்கிய வேலிகள்.
இடுக்கில் வானம் தெரிந்தது.
காற்று முட்டி மோதாமல் நுழைந்து போனது.
பச்சையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை,
சொன்னால் பெயிண்ட் கடை அட்டை ஆகிவிடும்.
ஆடுகளின் பிட்டத்தில் நீலச் சாயம் பூசியிருந்தது.
ஒரு மாடு
ஓவர்டைம் கேட்காமல்
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.
அதன் பக்கத்தில் நானும் நின்றேன்.
நனைந்தது தெரிய நேரமாயிற்று.
அங்கே மழை விழுவதில்லை,
ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் உள்ளே போகிறோம்.

சனிக்கிழமை இரவு பப்பில்
தபால்காரர் வயலின் பெட்டியைத் திறந்தார்.
மேடை இல்லை, மைக் இல்லை.
பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.
இசை பூனை மாதிரி வந்து
நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தது.
பிறகு, யாரோ சொல்லிவைத்தது போல், அமைதி.
டிராக்டர் சேறு காயாத பூட்ஸோடு ஒருவன்
கண்ணை மூடிப் பாடினான்.
பக்கத்தில் இருந்தவன் அவன் கையைப் பிடித்து
மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தான்,
கிணற்று ராட்டினம் சுற்றுவது போல.
அடியாழத்தில் கிடந்தது
கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.
எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.
ஆரஞ்சு ஜூஸைக் கையில் பிடித்தபடி
குடிக்க மறந்திருந்தேன்.

அந்த மொழியில்
ஆமாம் என்று ஒரு சொல் கிடையாதாம்.
வந்தாயா என்றால் வந்தேன்.
பிடித்ததா என்றால் பிடித்தது.
ஜெசிந்தா சொன்னாள், பார்க்கிங்கில் நின்று,
பற்கள் கிட்டித்துக்கொண்டிருக்க.
நாமும் பாதி நேரம் அப்படித்தானே, என்றேன்.

ஆகஸ்டில் திரும்பினேன்.
ஷார்ஜாவின் கதவு திறந்ததும்
இட்லிப் பானை மூடியைத் தூக்கிய மாதிரி
முகத்தில் அடித்தது ஊர்.
நேற்று கிளினிக்கில் ரத்தம் கொடுக்க வந்த
தண்ணீர் டேங்கர் டிரைவர் கையை நீட்டினார்.
பிடித்தபோது, ஒரு நொடி,
சுற்றிவிடத் தோன்றியது.
முஷ்டியை மடக்குங்கள் பாய், என்றேன்.

அறையில் ரஹ்மத்துக்குப் பொறுக்கவில்லை.
ஏஜென்சி யார்? பரீட்சை எப்போ?
மாசம் எவ்வளவு யூரோ?
ஊர் பார்க்கத்தான் போனேன் என்றால்
மறைக்கிறேன் என்கிறாள்.
லைட்டை அணைத்த பிறகும்
கீழ்க் கட்டிலிலிருந்து குரல் வந்தது:
அக்கா, நெஜமா சொல்லு, வேலை
பாத்தியா?

பார்த்தேன், என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே
ஏசி சொட்டிக்கொண்டிருந்தது,
கீழே யாரோ வைத்த வாளியில்.